வேர்வை நக்கும் சின்னத் தேனீ: ஒரு பெயருக்காக 14 மாதம்

போன வருடம் பங்குனி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 10 சென்ட்டில் முள்ளுக்கத்தரி போட்டிருந்தேன், வேலூர்ப் பக்கம் இலவம்பாடியிலிருந்து வந்த நாற்று. காலை 10 மணிக்கே வெயில் ஏறிவிட்டது. களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தபோது முழங்கை மடிப்பில் ஏதோ குறுகுறுத்தது. பார்த்தால் ஒரு கறுப்புப் பூச்சி, சீரகத்தைவிடக் கொஞ்சம் பருமன், குட்டி நாக்கை நீட்டி வேர்வையை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறது. கையை உதறினால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்காரும். அன்றைக்குக் களை எடுக்க வந்திருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கொசுத்தேனீ தம்பி, ஒண்ணும் பண்ணாது, விடு" என்றார்.

கொசுத்தேனீ எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு விரிசலில் பிசின் குழாய் கட்டிக்கொண்டு பல வருடமாக இருக்கிறது. இது அது மாதிரி இல்லையே என்று ஒரு சந்தேகம். போனில் மூன்று படம் எடுத்து, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் போட்டேன். முதல் படத்துக்குக் கொசுத்தேனீ என்றது. இரண்டாவதுக்குச் செரட்டினா, அதாவது சுள்ளிக்குள் கூடு கட்டும் குட்டித் தச்சுத்தேனீ. மூன்றாவதுக்கு ஏதோ ஒரு குளவி. ஒரே பூச்சி, ஒரே கை, ஒரு நிமிட இடைவெளி, மூன்று பெயர்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழுப்பெயர் இன்னும் கிடைக்கவில்லை, பாதிப்பெயர்தான் கிடைத்திருக்கிறது. அந்தப் பாதிக்கே என்னென்ன செய்ய வேண்டியிருந்தது, மீதிப் பாதியை ஏன் இப்போதைக்கு நிரப்பக்கூடாது என்று நினைக்கிறேன், இரண்டையும் எழுதி வைக்கிறேன். தோட்டத்தில் இதே பூச்சியைப் பார்த்துவிட்டுப் பெயர் தேடுகிறவர்களுக்குச் சில நாட்களாவது மிச்சமாகட்டும்.

தேடிப் படித்ததில் 'வியர்வைத் தேனீ' என்ற சொல் முதலில் கிடைத்தது. அது ஒரு தேனீயின் பெயர் இல்லை, ஹாலிக்டிடே என்ற பெரிய குடும்பத்தின் பெயர். உலகம் முழுக்க ஏறக்குறைய 4,500 இனங்கள். அதில் எல்லாமே வேர்வைக்கு வருவதில்லை. வேர்வைக்கு வருவதெல்லாம் அந்தக் குடும்பமும் இல்லை, கொசுத்தேனீயும் உப்புக்காகத் தோலில் வந்து உட்காரும். ஆக, கையில் உட்கார்ந்து நக்குகிறது என்பது அடையாளமே கிடையாது. எனக்கு முதல் துப்பு என்று தோன்றியது அதுதான், முதலில் அடிபட்டுப் போனதும் அதுதான்.

கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கருவி எதுவும் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். திண்ணையில் உட்கார்ந்து கூட்டுக்குத் திரும்பும் கொசுத்தேனீக்களைப் பார்த்தால், பின்னங்காலில் மகரந்தத்தை ஈரமாகப் பிசைந்து உருண்டையாக ஒட்டி வைத்திருக்கும். இந்தக் கறுப்புத் தேனீ துளசிப் பூவிலிருந்து கிளம்பும்போது பின்னங்கால் தொடையிலிருந்தே உலர்ந்த மாவு அப்பியது போல இருக்கிறது, வயிற்றின் அடியிலும் தூள். தட்டினால் உதிரும். உருண்டை பிடிக்கவே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும், அதுவும் ஒரு வாரம் பார்த்தால் பறக்கும்போதே தெரியும். கொசுத்தேனீ இல்லை என்று நான் துணிந்து சொன்னது இதை வைத்துத்தான். அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, இது மாவு பூசிக்கிது" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

அடுத்தது இறக்கை. தேனீ எந்தக் குடும்பம் என்பதற்கு நிறத்தைவிட இறக்கை நரம்பு நம்பகமானது என்று படித்திருந்தேன். ஆனால் உயிரோடு இருக்கும் 6 மில்லிமீட்டர் பூச்சியின் இறக்கையை எப்படிப் படம் எடுப்பது? உட்கார்ந்தால் இறக்கையை முதுகோடு மடித்து வைத்துக்கொள்ளும், ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும், நரம்பெல்லாம் குழம்பிவிடும். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் 10 நிமிடம் வைத்து எடுத்தால் அசையாமல் கிடக்கும் என்பார்கள். சரிதான், ஆனால் எங்கள் ஊர் ஏப்ரல் சூட்டில் வெளியே எடுத்து வைத்த ஒரு நிமிடத்தில் எழுந்து பறந்துவிட்டது. அப்படி நான்கைந்து போயின. பிறகு ஐஸ் கட்டி போட்ட எவர்சில்வர் தட்டின் மேல் வெள்ளை டைல்ஸ் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் தேனீயை விட்டேன். நேரம் மூன்று மடங்கானது.

உண்மையில் வேலை செய்தது அதைவிட எளிய ஒரு வழி. மளிகைக் கடையில் கிடைக்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், மிகச் சின்ன அளவு. தேனீயை அதற்குள் விட்டு, கவரை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பிடித்தால் அது நசுங்காமல், நகர முடியாமல் தட்டையாக நிற்கும். ஒரு பக்க இறக்கை தானாக விரிந்து கவரில் ஒட்டும். கவரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸால் இறக்கையை மட்டும் எடுக்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் எடுத்துவிட்டு விட்டுவிடலாம். இழுத்துப் பிடிப்பதில் கை மென்மையாக இருக்க வேண்டும். ஒரு தடவை அவசரப்பட்டு கவரின் மேலிருந்தே சுண்டுவிரலால் நகர்த்தப் போய்க் கொட்டு வாங்கினேன், பெண் தேனீக்குக் கொடுக்கு உண்டு. எறும்புக் கடி அளவுதான், அஞ்சு நிமிடத்தில் போய்விட்டது.

அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த இரவு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன் இறக்கையின் நடுவில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நரம்பு உண்டு, அடிநரம்பு என்று வைத்துக்கொள்வோம். செரட்டினாவில் அது ஏறக்குறைய நேராக இறங்கும். கொசுத்தேனீயின் இறக்கையிலோ வெளிப்பாதியில் நரம்பே பெரிதாக இருக்காது, வெறும் கண்ணாடிக் காகிதம் போல இருக்கும். என் படத்தில் இருந்த அடிநரம்பு வில்லை வளைத்தது போலத் தெளிவாக வளைந்திருந்தது. அந்த வளைவுதான் ஹாலிக்டிடே குடும்பத்தின் முத்திரை. அதோடு முன் விளிம்புக்குக் கீழே வரிசையாக மூன்று சின்னக் கட்டங்கள். பிரான்சாபிஸ் என்று இன்னொரு குட்டிக் கறுப்புத் தேனீ நம் ஊரில் உண்டு, அதற்கு இரண்டு கட்டம்தான். ஆக ஒரே படத்தில் மூன்று ஐயமும் தீர்ந்தது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிக்கு நாம் முதுகுப் படம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், விடை இறக்கைக்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் வழி தவறிப் போனதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். கத்தரிச் செடிக்கு வேறொரு தேனீ வரும். பெரிசு, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், வயிற்றில் வெளிர்நீலமும் பச்சையும் கலந்த பட்டைகள். கத்தரிப் பூவின் மகரந்தப்பை சாதாரணப் பூ மாதிரி வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் ஒரு சின்னத் துளைதான். இந்தத் தேனீ பூவைத் தலைகீழாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். 'ங்ஙீஈ' என்று ஒரு கீச்சுச் சத்தம், உப்பு டப்பாவைக் குலுக்கியது போல மகரந்தம் துளை வழியாகக் கொட்டும். காதைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நன்றாகக் கேட்கும். பெட்டியில் வளர்க்கிறோமே, அந்தத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரியும் தக்காளியும் போடுகிற ஒவ்வொருவரும் ஒரு காலையாவது இதைக் கேட்க வேண்டும்.

நீலப்பட்டைத் தேனீ, அமெகில்லா என்று முதலில் எழுதி வைத்தேன். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். படம் நன்றாக வர ஆரம்பித்த பிறகுதான் தப்பு தெரிந்தது. அமெகில்லாவின் நீலம் முடி. வயதானால் அந்த முடி தேய்ந்து பட்டை மங்கும். இந்தத் தேனீயின் பட்டையில் முடியே இல்லை, தோலே அப்படி, சிப்பியின் உட்புறம் போல வழவழவென்று மின்னுகிறது. இறக்கையைப் பார்த்தால் அதே வில். அதாவது இதுவும் வியர்வைத் தேனீக் குடும்பம்தான். மார்பின் முதுகுப்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு குட்டி முள் போல நீட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் ஹாப்லோநோமியா. பெங்களூர்ப் பக்கம் கத்தரி, தக்காளிப் பூக்களை அதிரவைத்து மகரந்தம் எடுப்பதாக ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருப்பது ஹாப்லோநோமியா வெஸ்ட்வுடி என்ற இனத்தைப் பற்றி. என் தோட்டத்திலும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கூட்டத்தில் இனம் பிரிப்பது ஆணின் பின்னங்காலை வைத்து. தொடை வீங்கி, அடுத்த கணு தகடு போல விரிந்து, இனத்துக்கு இனம் ஒரு வடிவம். நான் பிடித்ததெல்லாம் பெண். அதனால் என் நோட்டில் அது வெறும் ஹாப்லோநோமியாதான்.

இந்தப் படங்களுக்குக் கேமரா ஏற்பாடு கொஞ்சம் மாற வேண்டியிருந்தது. வீட்டில் பழைய நிக்கான் கேமரா ஒன்று 18-55 லென்ஸோடு சும்மா கிடந்தது. லென்ஸைத் தலைகீழாக மாட்ட ஒரு வளையம் வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். திருப்பி மாட்டினால் சாதாரண லென்ஸே பூதக்கண்ணாடி ஆகிவிடும். ஒரு சிக்கல், கழற்றிய நிக்கான் லென்ஸில் உள்துளை முழுக்க மூடிக்கொள்ளும், படம் இருட்டு. பின்பக்கம் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும், அதைப் பாதி திறந்த நிலையில் நிறுத்த, மடித்த விசிட்டிங் கார்டு துண்டைச் செருகினேன். கூர்மை படும் இடம் முடி அளவுதான் என்பதால் கேமராவை இம்மி இம்மியாக நகர்த்தி 20, 30 படம் எடுத்து, இலவச மென்பொருளில் ஒன்றாக அடுக்க வேண்டும்.

வெளிச்சம் அதைவிட முக்கியம். நேராக ஃபிளாஷ் அடித்த படத்தில் என் சின்னக் கறுப்புத் தேனீ பச்சை உலோகம் போல மின்னியது. உடனே செலடோனியாவாக இருக்குமோ என்று மனசு ஓடியது, அது பச்சை மின்னும் இன்னொரு வியர்வைத் தேனீக் கூட்டம். பிறகு வெள்ளைத் தெர்மாகோல் டீ கப்பின் அடியை வெட்டி, தேனீயின் மேல் கவிழ்த்து, கப்புக்கு வெளியே இருந்து வெளிச்சம் கொடுத்தேன். பச்சை போய்விட்டது. மங்கிய கறுப்பு, மேலே லேசான வெண்கலச் சாயல், அவ்வளவுதான். அன்றிலிருந்து நிறத்தை நான் சாட்சியாகச் சேர்ப்பதில்லை.

கூடு கிடைத்தது மே மாதம், தற்செயலாக. மோட்டார் கொட்டகைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, ஆள் நடந்து நடந்து இறுகிய செம்மண். எறும்புப் புற்று என்று தினமும் தாண்டிப் போன இடம். ஒரு காலை குனிந்து பார்த்தபோது துளைக்குள் ஒரு கறுப்பு முகம். நான் நிழல் விழாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து மகரந்தம் பூசிய ஒன்று வந்து இறங்கியது, உள்ளே இருந்த முகம் பின்வாங்கி வழி விட்டது, வந்தது நுழைந்ததும் முகம் மறுபடி வந்து துளையை அடைத்துக்கொண்டது. காவல்! எறும்பு ஒன்று பக்கத்தில் வந்தபோது அந்தத் தலை கொஞ்சம்கூட நகரவில்லை, கதவு போல நின்றது. எறும்புப் புற்றிலிருந்து பிரித்துப் பார்ப்பதற்கு: துளை ஒன்றே ஒன்றுதான், பென்சிலைவிட ஒடிசல், சுமார் 3 மில்லிமீட்டர், ஓரம் சீராக இருக்கும், சுற்றிலும் பொடிமண் ஒரு வளையமாக. அந்தப் பாதையில் 11 துளை எண்ணினேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐஸ்கிரீம் குச்சியில் எண் எழுதி நட்டேன்.

அடுத்த வாரமே நானே அதை மூழ்கடித்தேன். இரண்டாவது பாத்திக்குத் தண்ணீர் விட வாய்க்காலைத் திருப்பி வைத்துவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு ஊருக்குள் போய்விட்டேன். வாய்க்கால் உடைந்து பாதை முழுக்க முழங்கால் சேறு. குச்சிகள் மிதந்தன. இரண்டு நாள் காய்ந்த பிறகு எண்ணினால் திறந்திருந்தது இரண்டே துளை. அந்தப் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வரப்பு உயர்த்திப் போட்டிருக்கலாம், 10 நிமிட வேலை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

செத்துப்போன கூடு ஒன்றை அப்புறம் வெட்டிப் பார்த்தேன். சும்மா தோண்டினால் மண் சரிந்து எதுவும் தெரியாது. கோலமாவை நன்றாகச் சலித்து, ஜூஸ் குடிக்கும் குழலால் துளைக்குள் ஊதினேன், சுரங்கம் முழுக்க வெள்ளை பூசிக்கொண்டது. பிறகு பக்கத்தில் ஒரு குழி வெட்டி, கரண்டியால் பக்கவாட்டில் சீவிச் சீவி வந்தால் வெள்ளைக் கோடு செம்மண்ணில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு சாண் ஆழம் நேராக இறங்கி, பக்கவாட்டில் கொத்தமல்லி விதை அளவுக்குச் சின்ன அறைகள். ஓர் அறையை உடைத்து உள்ளே பார்த்தபோது பிரமித்துப் போனேன், சுவர் வார்னிஷ் அடித்தது போலப் பளபளக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்கிறது, மண்ணில் இறங்கவில்லை. வயிற்றில் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வரும் மெழுகு மாதிரியான பொருளைத் தாய்த் தேனீ பூசுகிறது. உள்ளே மிளகைவிடச் சிறிய மஞ்சள் மகரந்த உருண்டை. அதன் மேல்தான் முட்டை வைக்கும். ஈரம் உள்ளே வரக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டு மெழுகிய வீட்டின் மேல்தான் நான் மோட்டார்த் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறேன்.

சரி, குடும்பம் தெரிந்தது, கூடு தெரிந்தது. அடுத்த படிக்கு நுண்ணோக்கி வேண்டும், நுண்ணோக்கிக்குச் செத்த தேனீ வேண்டும். இதில் எனக்குத் தயக்கம் நிறைய இருந்தது. மஞ்சள், நீலம், வெள்ளைக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்தால் ஒரே நாளில் ஏகப்பட்டது விழும், ஆய்வுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு பெயருக்காகத் தோட்டத்தையே காலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பழைய கொசுவலையை வளைகம்பியில் தைத்து வலை செய்து, பூவிலிருந்து மூன்று பெண்களை மட்டும் பிடித்தேன். ஃப்ரீசரில் ஒரு நாள்.

இவ்வளவு சின்னத் தேனீயை ஊசியால் குத்தினால் பாதி மார்பு காணாமல் போகும். தடித்த தாளில் ஒல்லியான முக்கோணம் வெட்டி, அதன் அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்தி, கூர்நுனியில் ஒரு துளி பெவிகால் வைத்து, தேனீயின் வலப்பக்க விலாவை அதில் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்து, தெர்மாகோலில் நட்டு, அலமாரி மேல் காய வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மூன்று ஊசி, மூன்று முக்கோணம், ஒன்றில் மட்டும் ஒரு கால். சிற்றெறும்பு வரிசை சுவரில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. மூன்று உயிர் வீணாகிவிட்டது என்பதுதான் வருத்தம், மறுபடி மூன்று பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது இறுக்கமாக மூடும் டப்பா, உள்ளே ஒரு அந்துருண்டை, டப்பாவே தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு நடுவில் ஒரு கல்லின் மேல். இதை முதல் நாளே செய்யுங்கள்.

பக்கத்து ஊர்க் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒரு சனிக்கிழமை ஸ்டீரியோ நுண்ணோக்கியைக் கொடுத்தார். 40 மடங்கில் முதல் தடவை முகத்தைப் பார்த்தபோது ஐந்து நிமிடம் எதுவும் எழுதவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக. உணர்கொம்புக் கணு 12, ஆகவே பெண், ஆணுக்கு 13. வயிற்றின் ஐந்தாவது வளையத்தில் அடர்ந்த முடி, அதன் நடுவே தலையில் வகிடு எடுத்தது போல ஒரு பிளவு. ஹாலிக்டஸ் என்பது இந்தக் குடும்பத்தில் ஒரு பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். ஹாலிக்டஸும் அதன் உறவுக்காரர்களும் அந்த வகிடோடு இருப்பார்கள், பட்டைத் தேனீ ஹாப்லோநோமியாவுக்கு வகிடு கிடையாது. அந்த நண்பர் மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்து ஹாலிக்டஸா, அதன் உறவுப் பேரினமான லேசியோகுளோசமா என்ற கேள்வி. இரண்டு தடயம். ஹாலிக்டஸில் வயிற்று வளையங்களின் கீழ்விளிம்பில் வெள்ளை முடிப்பட்டை, சேலையின் கரை மாதிரி ஓரத்திலேயே ஓடும். என்னுடையதில் முடி இருப்பது வளையத்தின் மேல்பக்கம், முந்தைய வளையத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பது போல. இரண்டாவது, இறக்கையின் வெளிக் குறுக்கு நரம்புகள். மற்ற நரம்பெல்லாம் பேனாவில் போட்டது போல இருக்க, கடைசி இரண்டும் பென்சிலால் லேசாகக் கீறியது போல மங்கல். நான் எடுத்த ஜிப் கவர் படத்திலேயே அது இருந்தது, அப்போது வெளிச்சக் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் லேசியோகுளோசம் பெண்.

இதுதான் பாதிப்பெயர், பேரினம் மட்டும்; இனப்பெயர்தான் மீதி. லேசியோகுளோசத்தில் மட்டும் 1,800க்கு மேல் இனங்கள், தேனீப் பேரினங்களிலேயே பெரியது.

மீதிப் பாதிக்கு மூன்று மாதம் முயன்றேன். இந்தியத் தேனீக்களுக்கு இன்றைக்கும் எல்லோரும் முதலில் திறப்பது சார்லஸ் பிங்ஹாம் 1897இல் எழுதிய தொகுதி. ஸ்கேன் செய்தது இலவசமாகக் கிடைக்கிறது. அதில் லேசியோகுளோசம் என்று தேடினால் வராது, இன்று அந்தப் பேரினத்தில் இருப்பவை அப்போது ஹாலிக்டஸ் என்ற தலைப்பின் கீழ் கிடக்கின்றன. விவரணை ஒவ்வொன்றும் சில வரிதான். 'நுண்ணிய குழிகள் நெருக்கமாக' என்று இருக்கும். எவ்வளவு நுண்ணியது, எதைவிட நெருக்கம்? இன்றைய ஆய்வாளர்கள் முதுகில் இரண்டு குழிக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு குழியின் அகலத்தைவிடக் கூடவா குறைவா என்று அளந்து எழுதுகிறார்கள், மார்பின் பின்சரிவில் சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். 1897இன் வரிகளில் அந்த அளவு இல்லை. என் மூன்று மாதிரிக்கும் மூன்று வேறு விவரணைகள் ஒரே மாதிரி பொருந்தின. உறுதி செய்ய மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும், அந்தக் காலத்தில் பெயர் வைத்த மாதிரிகளில் பெரும்பகுதி கடல் தாண்டி லண்டன் போன்ற இடத்து அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கிறது.

மரபணு பார்த்துவிடலாமே என்று நண்பர் கேட்டார். சிஓஐ என்ற மரபணுவில் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து ஒப்பிடும் முறை. ஆனால் ஒப்பிட, ஏற்கெனவே சரியாகப் பெயர் வைத்த தேனீயின் துண்டு பட்டியலில் இருக்க வேண்டும். பெயர் தெரியாததைப் பெயர் தெரியாததோடு ஒப்பிட்டு என்ன பயன்? அமெரிக்காவில் இந்த வேலையை ஒருவர் செய்து காட்டினார். ஜேசன் கிப்ஸ், 2011இல் கிழக்கு வட அமெரிக்காவின் உலோக மினுக்க லேசியோகுளோசங்களை மட்டும் எடுத்து, குழி இடைவெளியும் மரபணுவும் சேர்த்துப் பார்த்து 97 இனங்களைப் பிரித்து எழுதினார். அதில் ஒன்று நியூயார்க்கில் புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் பறந்துகொண்டிருந்தது, லேசியோகுளோசம் கோத்தம் என்று அப்போதுதான் பெயர் பெற்றது. அவ்வளவு பேர் நடமாடும் ஊரில், அவ்வளவு ஆராய்ச்சி நடக்கும் நாட்டிலேயே அப்படி என்றால், என் மோட்டார் கொட்டகைப் பாதையில் இருப்பதற்கு நான் அவசரப்பட்டு ஒரு பெயர் ஒட்டக்கூடாது. ஒட்டினால் அந்தத் தப்பை இன்னொருவர் நம்பி எடுத்துக்கொள்வார், அவரிடமிருந்து செயலி கற்றுக்கொள்ளும், அடுத்த தோட்டக்காரருக்கு அதுவே பதிலாக வரும். வெறும் 'லேசியோகுளோசம்' என்று நிறுத்தினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

அதனால் ஊசியில் மாட்டிய தாள் துண்டில் ஊர், தாலுகா, தேதி, நேரம், எந்தப் பூவில் பிடித்தது, கூட்டின் மண், இதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. கீழே இன்னொரு துண்டில் 'லேசியோகுளோசம், பெண்', பார்த்தவர், பார்த்த வருடம். பெயர் பிறகு மாறலாம், தேதியும் இடமும் மாறாது. அவை இல்லாத மாதிரி யாருக்கும் உதவாது.

நீங்கள் எடுப்பதாக இருந்தால் முதுகுப் படம் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். விரிந்த முன் இறக்கை, நேர் முகம், வயிற்றை மேலிருந்து, பின்னங்காலின் உட்பக்கம், மார்பின் பின்சரிவு, இவை இருந்தால் தேனீயைக் கொல்லாமலே பேரினம் வரை பெரும்பாலும் வந்துவிடலாம். பக்கத்தில் ஒரு அளவுகோல் துண்டையும் வையுங்கள்.

இந்த மே மாதம் அந்தப் பாதையில் 14 துளை எண்ணியிருக்கிறேன். வரப்பு உயர்த்தியாகிவிட்டது, அந்த நாலடி மண்ணில் மண்வெட்டி படுவதில்லை. இப்போது தேடுவது ஆணை: நீளமான கொம்பு, காலில் மகரந்த முடி இருக்காது, கூட்டுக்கு உணவு சுமக்காமல் பூக்களைச் சுற்றிக்கொண்டே இருக்கும். துளசிப் பக்கம் தினமும் காலை அரை மணி நேரம் நிற்கிறேன். டப்பாவில் மூன்று ஊசிக்குப் பக்கத்தில் நான்காவது ஊசியும் முக்கோணமும் தயாராக இருக்கின்றன, தாள் துண்டில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதி, தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன்.